13 பக்கச் சாட்சி: ‘தி மிஷன்’ ஆவணப்படத்தை முன்வைத்து

ஜான் ஆலன் சாவ் கடைசியாக எழுதியது 13 பக்கங்கள். அவற்றில் பெரும்பகுதியை 2018 நவம்பரில், அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்கு அருகே ஒரு மீன்பிடிப் படகில் உட்கார்ந்து எழுதினார். வயது 26. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வளர்ந்து, ஓக்லஹோமாவின் ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, வெளியுலகத்தோடு தொடர்பே வேண்டாம் என்றிருக்கும் மனிதர்களிடம் இயேசுவைப் பற்றிச் சொல்ல வந்தவர். ஐந்து மீனவர்களிடம் 25,000 ரூபாய் பேசி, ரோந்துப் படகுகளின் கண்ணில் படாமல் இரவில் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். (தமிழில் எழுதினால் அவருடைய குடும்பப் பெயர் வேறு எதையோ ஞாபகப்படுத்துகிறது. ஆகவே இனி வெறும் ஜான்.)

அந்தப் பக்கங்களை அவருடைய அம்மா ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்குக் கொடுத்தார். அதன் பிறகு உலகமே அதில் இரண்டு மூன்று வரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தது. இந்தத் தீவு சாத்தானின் கடைசிக் கோட்டையா என்று கடவுளிடம் கேட்கும் இடம், உன்னை நேசிக்கிறேன், இயேசுவும் உன்னை நேசிக்கிறார் என்று படகிலிருந்து கத்தியதாகச் சொல்லும் இடம். மதவெறிக்கு உதாரணம் தேடியவர்களுக்கும், தியாகத்துக்கு உதாரணம் தேடியவர்களுக்கும் அவையே போதுமானதாக இருந்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு இடம். நவம்பர் 15 மதியம். காலையில் ஒருமுறை போய், வில்லைப் பார்த்ததும் திரும்பியாயிற்று. இப்போது மறுபடியும் சிறுபடகில் கரைக்குப் பக்கத்தில் போகிறார். கரையில் நிற்கிறவர்கள் ஏதோ கத்துகிறார்கள். அந்தப் பேச்சில் ‘ப’, ‘ல’, ‘ஸ’ ஒலிகள் நிறைய வருவதைக் குறித்துக்கொள்கிறார். மொழியியல் பயிற்சி எடுத்தவர் இல்லையா. பிறகு அவர்கள் சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார். அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நம்மைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார்கள் போல, அதைத்தான் நாம் திருப்பிச் சொல்லியிருக்கிறோம் என்று அவரே யூகித்து எழுதுகிறார்.

வெளியூர்க்காரன் ஒருவனுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுக்கும் தமிழ் எது? ஹாஸ்டலில் வடநாட்டுப் பசங்களுக்கு நாம் சொல்லிக்கொடுத்தது எது? அந்த மதியத்தில் சில நிமிடங்கள், வடக்கு சென்டினலில் அதுதான் நடந்திருக்கிறது. கற்கால மனிதர்கள், கடைசிப் பழங்குடி என்றெல்லாம் எழுதப்பட்டவர்கள் ஒரு ஆளைக் கலாய்த்திருக்கிறார்கள். 13 பக்கங்களில் அந்தத் தீவுக்காரர்கள் முழு மனிதர்களாகத் தெரிவது இங்கேதான். சீக்கிரமே ஒரு பையன், பத்து வயது இருக்கலாம் என்கிறார் ஜான், அம்பு விடுகிறான். அது ஜான் நெஞ்சருகே பிடித்திருந்த பைபிளில் குத்துகிறது. சிறுபடகை இழந்து, நீந்தி மீன்பிடிப் படகுக்குத் திரும்புகிறார். மறுநாள் மீண்டும் போகிறார். நவம்பர் 17 காலை, அவருடைய உடலைக் கரையில் இழுத்துப்போய்ப் புதைப்பதை மீனவர்கள் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள்.

2023-ல் வந்த ‘தி மிஷன்’ இந்தக் கதையை எடுத்துக்கொள்கிறது. இயக்கியவர்கள் அமாண்டா மெக்பெய்ன், ஜெஸ்ஸி மோஸ். டெக்ஸஸ் பள்ளி மாணவர்களின் மாதிரி அரசியல் முகாமை வைத்து ‘பாய்ஸ் ஸ்டேட்’ எடுத்த அதே ஜோடி. ஒரு விஷயத்தை முழுசாக நம்பும் பையன்களைக் கிண்டல் செய்யாமல் பார்க்கத் தெரிந்தவர்கள். அந்தக் குணம் இங்கேயும் வேலை செய்கிறது. ஜான் அடித்த கூத்து என்று எங்கேயும் படம் சிரிக்கவில்லை. அவர் அவசரமாகக் கிளம்பி வந்த முட்டாளும் இல்லை. அதற்கு முன்பே அந்தமானுக்கு வந்து போயிருக்கிறார், காட்டு மருத்துவ உதவி கற்றிருக்கிறார், தடுப்பூசிகள் போட்டுக்கொண்டிருக்கிறார், போர்ட் பிளேரில் ஒரு வீட்டுக்குள் 11 நாள் தன்னைத்தானே தனிமைப்படுத்திக்கொண்டிருக்கிறார். கொரோனாவுக்கு முன்பே குவாரன்டைன். கன்சாஸ் சிட்டியில் ஒரு மிஷன் அமைப்பின் பயிற்சியில், ஊழியர்களே பழங்குடிகளாக நடித்து போலி ஈட்டியோடு மிரட்ட, அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்திருக்கிறார். மொக்கை நாடகம் மாதிரி இருக்கிறது, ஆனால் நினைக்க நினைக்க வயிற்றைப் பிசைகிறது. ஒத்திகையில் பழங்குடியாக நடித்தவர்கள் எல்லாருமே அமைப்பின் ஆட்கள். எப்போது மிரட்ட வேண்டும், எப்போது மனம் இளக வேண்டும் என்பது அவர்கள் கையில்.

படத்தின் வலுவான பகுதி அப்பாவின் கடிதம். பேட்ரிக் சாவ், கலாச்சாரப் புரட்சிக் காலத்துச் சீனாவிலிருந்து வந்து அமெரிக்காவில் மனநல மருத்துவரானவர். தீவிரமான ஒரு கிறிஸ்தவமே தன் மகனை அந்த முடிவுக்குக் கொண்டுபோனது என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர் கேமரா முன் வரவில்லை. ஒரு நடிகரின் குரலில் அவருடைய வார்த்தைகள் வருகின்றன. ஒரு கோஷம் மக்களை எப்படி ஆட்டிவைக்கும் என்பதைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு ஓடிவந்த மனிதர், தன் வீட்டுக்குள்ளேயே வேறொரு உருவத்தில் அதைப் பார்க்கிறார். மகன் சிறுவனாக இருந்தபோது கண்டெடுத்துப் படித்த ராபின்சன் குரூசோ அப்பாவின் அறையில் கிடந்த புத்தகம் என்பதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அந்தச் சாகசப் புத்தகங்களே குற்றவாளி என்பதுதான் படத்தின் வாதம். குரூசோ, டின்டின், ஆராய்ச்சிப் பயணிகளின் வீரக்கதைகள், பளபள தாளில் தூரதேச மனிதர்களைக் காட்டிய பத்திரிகைகள். இந்தப் படத்தைத் தயாரித்த நேஷனல் ஜியோக்ரஃபிக்கே அந்தப் பட்டியலில் வரும் என்பது நமக்கும் தெரியும். வாதம் சரிதான். ஆனால் அதைச் சொல்வதற்குப் படம் என்ன செய்கிறது? காட்சி இல்லாத இடங்களில் எல்லாம் அனிமேஷன். ஜானின் சிறுபடகு, நீலக் கடல், பச்சைத் தீவு, கரையில் நிழலுருவங்கள். சாகசக் கதை ஒரு பையனைக் கொன்றது என்று சொல்லிக்கொண்டே இன்னொரு சாகசப் படக்கதையை, அதுவும் நல்ல ஓவியர்களை வைத்து, வரைந்து தருகிறது. தீவுக்காரர்கள் அதில் நிழலாகவே நிற்கிறார்கள். அவர்கள் சிரித்தது என் காதில் விழவே இல்லை.

சாகசக் கதை மட்டும் ஒருவனை மறுநாள் மறுபடியும் கரைக்கு அனுப்பாது என்றும் தோன்றுகிறது. அதற்கு வேறொரு வடிவம் வேண்டும். நம்மூர்க் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்: சாட்சி.

இன்ஜினியரிங் படித்த காலத்தில் என் ரூம்மேட் ஒருவன் கோடை விடுமுறையில் வடக்கே ஒரு கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போய்வந்தான். திரும்பியதும் ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொன்னான். பாஷை தெரியாத ஊர், உடம்பு முடியாமல் போனது, அங்கே ஒரு தாயார் அவனைப் பார்த்துக்கொண்டது, அவர் மனதைக் கர்த்தர் தொட்டது. எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். ராத்திரி மொட்டை மாடியில் என்னிடம், “அந்தம்மா ஒண்ணும் ரட்சிக்கப்படலடா. எனக்கு பேதி நிக்கிற வரைக்கும் கஞ்சி ஊத்துச்சு. அவ்வளவுதான். அதை எப்படி சாட்சியில சொல்றது?” என்றான். அவன் பொய்க்காரன் இல்லை. கஞ்சியை வைக்க அந்த வடிவத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான். போனவன் கொடுத்தவனாகத்தான் திரும்பி வர வேண்டும். வாங்கிக்கொண்டவனாக வந்தால் கூட்டத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது.

இந்த வடிவத்தின் உச்சம் 1956-ல் ஈக்வடாரில் நிகழ்ந்தது. ஜனவரி 8 அன்று ஜிம் எலியட், நேட் செயின்ட் உட்பட ஐந்து இளம் அமெரிக்க மிஷனரிகள், குராராய் ஆற்றங்கரையில் வாவ்ரானி மக்களின் ஈட்டிகளால் இறந்தார்கள். அதற்கு முன் பல வாரங்கள் சிறு விமானத்திலிருந்து கயிற்றில் வாளி கட்டிப் பரிசுகளை இறக்கியிருந்தார்கள். ‘லைஃப்’ பத்திரிகை கார்னெல் காபாவின் புகைப்படங்களோடு அதை உலகச் செய்தியாக்கியது. அடுத்த ஆண்டு ஜிம்மின் மனைவி எலிசபெத் எலியட் ‘த்ரூ கேட்ஸ் ஆஃப் ஸ்ப்ளெண்டர்’ எழுதினார். அமெரிக்க சுவிசேஷ வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக மிஷன் கனவை வளர்த்த புத்தகம். எலிசபெத் 1958-ல் தன் சின்ன மகளோடு அதே வாவ்ரானிகளிடம் போய் வாழவும் செய்தார். சாட்சிக் கதைக்கு இதைவிட முழுமையான முடிவு கிடையாது. ரத்தம் விழுந்தது, விதை முளைத்தது. ஜானின் மரணச் செய்தி வந்ததுமே பலர் அவரை ஜிம் எலியட்டோடு ஒப்பிட்டதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் அந்த ஈட்டிகளுக்கு இன்னொரு கதை இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து வாவ்ரானிகளே சொன்னது. இரண்டு நாள் முன்பு மிஷனரிகளைப் பார்க்க வந்த ஆணும் பெண்ணும் தங்கள் உறவை மறைக்க, வெள்ளைக்காரர்கள் எங்களைத் தாக்கினார்கள் என்று வீட்டில் பொய் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காதல் விவகாரம், ஒரு குடும்பச் சண்டை, ஒரு பொய். நம்மூர்க் கிராமத்தில் வெட்டுக்குத்து நடக்க என்னென்ன காரணம் இருக்குமோ அதே காரணங்கள். சாத்தானும் இல்லை, கற்காலமும் இல்லை. பிந்தைய வரலாறும் அவ்வளவு சுத்தமானதில்லை: வெளித்தொடர்பும் குடியிருப்பும் வந்தபின் 1969-ல் பரவிய போலியோவில் 16 வாவ்ரானிகள் இறந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம், அந்தப் புத்தகத்தை எழுதிய எலிசபெத்தே 1966-ல் எழுதிய நாவல். ‘நோ கிரேவன் இமேஜ்’. மார்கரெட் என்ற இளம் மிஷனரி ஈக்வடார் மலையில் கெச்சுவா மக்களிடம் வேலை செய்கிறாள். ஊரிலிருக்கும் ஆதரவாளர்களுக்கு என்ன எழுதுவது என்ற சங்கடம் அவளுக்கு எப்போதும் உண்டு. பெட்ரோ என்பவர்தான் அவளுக்கு மொழி சொல்லித் தருகிறார். அவரை நம்பித்தான் பைபிள் மொழிபெயர்ப்பே நிற்கிறது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, மார்கரெட் பென்சிலின் ஊசி போடுகிறாள். அது ஒத்துக்கொள்ளாமல் அவர் இறந்துபோகிறார். அவ்வளவுதான். யாரும் மனம் திரும்பவில்லை, விதை எதுவும் முளைக்கவில்லை. தன் வேலைக்குப் பலன் தந்தே தீரும் ஒரு கடவுளைத் தானே செய்துவைத்திருந்தாள் என்பதே தலைப்பில் உள்ள விக்கிரகம். எலிசபெத் கடைசிவரை விசுவாசிதான். ஆனாலும் நல்ல எழுத்தாளராக இருந்ததால் தன் முதல் புத்தகம் எதை மறைத்தது என்று தெரிந்திருக்கிறது. முதல் புத்தகத்தைக் கொண்டாடிய அளவுக்கு இதை யாரும் கொண்டாடவில்லை. எந்த இளைஞனும் நாவலைப் படித்துவிட்டுப் படகு ஏறியிருக்க மாட்டான். இந்த நாவலைப் பற்றிய ஒரு நிமிடம் ‘தி மிஷன்’ படத்தில் இருந்திருந்தால் படமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சாட்சிக்கு ஊரில் என்ன எதிர்பார்ப்பு இருக்கும் என்பதற்குத் தமிழிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கும் சுமார் 24 வயது. குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1713-ல் தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி ஜெர்மனியின் ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே பொறுப்பிலிருந்த ஃப்ராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் எண்ணம். நூல் 1867 வரை அச்சேறவில்லை. சீகன்பால்குவைப் புனிதராக்க இதைச் சொல்லவில்லை, மதம் மாற்றத்தான் அவரும் வந்தார். ஆனால் அவரும் சக மிஷனரியும் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய 99 பதில் கடிதங்கள் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. அவற்றில் நம் ஆட்கள் வாதம் செய்கிறார்கள், கிறிஸ்தவர்களின் நடத்தையைக் குறை சொல்கிறார்கள். எதிர்த்தரப்பும் பேனா பிடித்த அபூர்வமான சாட்சி அது.

‘தி மிஷன்’ படத்திலும் அப்படி ஒருவர் வருகிறார். டேனியல் எவரெட். 1970-களில் பிரேசிலின் பிரஹா மக்களிடம் மிஷனரியாகப் போய், அவர்கள் மொழியைக் கற்று, இயேசுவைப் பற்றிச் சொன்னவர். நீ அவரை நேரில் பார்த்திருக்கிறாயா என்று அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் அவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது. எவரெட் அந்தப் பதிலை வருடக்கணக்கில் மென்று, கடைசியில் தன் நம்பிக்கையை இழந்தார். குடும்பமும் உடைந்தது. இயக்குநர்கள் அவரை ஜானின் தவறைச் சுட்டும் நிபுணராகப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அவர் பதில் கேட்ட மனிதராகத் தெரிந்தார். அதற்குக் கொடுத்த விலையும் தெரிந்தது.

பதில் என்றால் என்ன? நான் வேலை செய்யும் துறையில் ஒரு சர்வர் 403 அனுப்பினால், நீ கேட்டது புரிந்தது, தர மாட்டேன் என்று அர்த்தம். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ரீட்ரை அடித்துக்கொண்டிருந்தால் சீனியர் வந்து திட்டுவார். பைபிளில் குத்திய அம்பை ஜான் அப்படித்தான் படித்தார் என்று நினைக்கிறேன். உயிர் தப்பியது அதிசயம், ஆகவே கடவுளின் பாதுகாப்பு, ஆகவே மறுபடி முயற்சி. கரையில் நின்றவர்களுக்கு அந்தப் பொருள் பைபிள் என்றே தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அது தெளிவான ஒரு வாக்கியம், சிரிப்பு தீர்ந்த பிறகு வந்த வாக்கியம்.

ஒரு சின்னப் பையன் ஏன் என்மேல் அம்பு விட வேண்டும் என்று அன்று இரவு ஜான் எழுதியிருக்கிறார். அவன் குரல் இன்னும் மண்டைக்குள் கேட்கிறது என்று. பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி கடவுளை நோக்கிப் போகிறதே தவிர வரலாற்றை நோக்கிப் போகவில்லை. 1880 ஜனவரியில் மாரிஸ் போர்ட்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அந்தத் தீவுக்குப் போய் ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் நோய் வந்தது. முதியவர்கள் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு தீவில் திரும்ப விட்டுவிட்டார்கள். அந்தக் குழந்தைகள் என்ன நோயைச் சுமந்து போனார்கள், என்ன கதையைச் சொல்லி வளர்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பரிசோடு வருகிறவர்கள் யார் என்பது பற்றி அங்கே பாட்டி சொல்லும் கதை ஒன்று இருக்கக்கூடும் என்று நினைக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

அவர்கள் எப்போதும் மறுத்தவர்களும் இல்லை. 1991 ஜனவரியில் மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழு கடலில் தேங்காய்களை மிதக்கவிட்டபோது, தண்ணீரில் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். பிறகு கையிலிருந்தே வாங்கினார்கள். ஒரு இளைஞன் மதுமாலாவை நோக்கி அம்பு விட, தீவுப் பெண் ஒருத்தி அவனைத் தள்ளிவிட்டாள். அம்பு தண்ணீரில் விழுந்தது. அந்தத் தீவுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு, ஆளைத் தடுக்கும் பெண் உண்டு. 90-களின் நடுவில் அரசு இந்தப் பயணங்களையே நிறுத்தியது. பெரிய அந்தமான் மக்கள் நோயிலும் ஆக்கிரமிப்பிலும் ஆயிரக்கணக்கிலிருந்து ஐம்பது பேர் அளவுக்குக் குறைந்த வரலாறு கண்முன் இருக்கும்போது, அது சரியான முடிவு. அதே அரசுதான் 2018 ஆகஸ்டில் சுற்றுலாவுக்காக 29 தீவுகளுக்கான அனுமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பட்டியலில் வடக்கு சென்டினலும் இருந்தது. பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் தனியாக அமலில் இருந்தது என்பது வேறு விஷயம்.

நாமும் அப்போது ஒன்றும் கண்ணியமாக நடந்துகொள்ளவில்லை. உலகின் சிறந்த எல்லைப் பாதுகாப்பு என்று மீம் போட்டுச் சிரித்தோம். தீவுக்காரர்களைத் தாய்மதக் காவலர்கள் ஆக்கினார்கள் சிலர், ஏகாதிபத்திய எதிர்ப்பு வீரர்கள் ஆக்கினார்கள் சிலர். இரண்டு கட்சியும் அவர்களிடம் கேட்காமலேயே உறுப்பினர் அட்டை கொடுத்தது. 2025 மார்ச்சில் 24 வயது அமெரிக்க யூட்யூபர் ஒருவர் அதே தீவில் இறங்கி, ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் கேனையும் வைத்துவிட்டு, வீடியோ எடுத்துக்கொண்டு திரும்பிக் கைதானார். அவருக்குச் சுவிசேஷம் எல்லாம் இல்லை. ஊருக்குத் திரும்பிக் காட்ட ஒரு காட்சி வேண்டும். ஆதரவாளர்களின் இடத்தில் சப்ஸ்கிரைபர்கள். அங்கே யாரும் சிரித்தார்களா, ஒளிந்திருந்து பார்த்தார்களா என்று அந்தக் கேமராவில் பதிவாகவில்லை.

ஜானின் பக்கங்களில் கடைசியாக ஒரு இடம். மறுநாள் தன்னை இறக்கிவிட்டுப் படகு போய்விடட்டும் என்று முடிவெடுக்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று, விஷயம் விபரீதமானால் மீனவர்கள் தன் சாவுக்குச் சாட்சியாக நிற்க வேண்டாம் என்பது. 13 பக்கங்களில் தன்னோடு இருந்த இந்தியர்களைப் பற்றி அவர் யோசித்த நல்ல இடம் அது. படத்தில் அந்த மீனவர்கள் எனக்கு ஒரு படகாக மட்டுமே நினைவில் நிற்கிறார்கள். உண்மையில் அவர்கள் அடுத்த நாள் காலை திரும்பி வந்து பார்த்தார்கள். எழுதிய தாள்களைப் போர்ட் பிளேரில் இருந்த அவருடைய நண்பரிடம் சேர்த்தார்கள். பிறகு ஐந்து மீனவர்கள் உட்பட ஏழு பேரைப் போலீஸ் கைது செய்தது. ஜானின் குடும்பம் தீவுக்காரர்களை மன்னிப்பதாகச் சொல்லி வெளியிட்ட அறிக்கையில், அந்தமானில் அவருக்கு உதவியவர்களை விட்டுவிடும்படியும் கேட்டிருந்தது. உடலை எடுக்கப் போன போலீஸ் படகு, கரையில் வில்லோடு நின்றவர்களைப் பார்த்துவிட்டு, தூரத்திலேயே கொஞ்ச நேரம் நின்று திரும்பி வந்தது.